மழைக்கணக்கு எங்கே கிடைக்கும்? காலநிலைத் தரவு: வாசகர் கேள்வி–பதில்

அரசுகளும் அரசு நிறுவனங்களும் பொதுமக்களுக்காக வெளியிடும் காலநிலைத் தரவுகளைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி “எங்கே கிடைக்கும்?” என்று கேட்கின்றன. மீதிப் பாதி “கிடைத்துவிட்டது, ஆனால் கணக்கு உதைக்கிறதே!” என்கின்றன. இரண்டாவது வகைக் கேள்விகளுக்குத்தான் இம்முறை கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உயர்தரப் புவியியல் செயற்றிட்டத்துக்குக் கொழும்பின் முப்பது வருட மழைவீழ்ச்சி வேண்டும். காசு கொடுக்காமல் பெற வழி உண்டா?
– மாணவி, வெள்ளவத்தை

உண்டு. எந்த நுணுக்கத்தில் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாத, ஆண்டுக் கணக்குப் போதுமென்றால் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரச் சுருக்கத்தைப் பாருங்கள். காலநிலை அட்டவணைகள் முதல் அத்தியாயத்திலேயே, நிலையம் வாரியாக இருக்கும். பழைய தொகுதிகளை நூலகத்தில் எடுத்து எண்களைக் கையால் பெயர்த்து எழுத வேண்டிவரும். ஒரு பின்னேரத்து வேலைதான்.

நாளாந்தக் கணக்கு வேண்டுமென்றால் அதன் மூலப்பதிவு கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில் இருக்கிறது. நிலையம், மூலகம் (மழையா, உச்ச வெப்பநிலையா, ஈரப்பதனா), தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, என்ன தேவைக்கு என்ற ஐந்தையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். “கொழும்பின் காலநிலைத் தரவு அனைத்தும்” என்று எழுதினால் உங்களிடமே திரும்பக் கேட்பார்கள், வாரங்கள் ஓடிவிடும். தரவுக்குக் கட்டணம் உண்டு. மாணவர் சலுகை கேட்பதற்கு அதிபரின் கடிதத்தை இணையுங்கள்.

இலவச வழி, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா பேணும் உலக நாளாந்த நிலையத் தரவுத்தொகுதி. ஜி.எச்.சி.என். டெய்லி என்பது அதன் பெயர். நம் நாட்டு நிலையங்களின் எண்களும் அதில் உண்டு. இங்கேதான் பலர் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். நிலையப் பட்டியலில் இலங்கையைத் தேட “எல்.கே.” என்று தட்டினால் ஒன்றும் வராது. “எஸ்.எல்.” என்று தட்டினால் சியரா லியோனின் நிலையங்கள் வரும். அந்தத் தொகுதி பழைய அமெரிக்க நாட்டுக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. அதில் இலங்கை இன்னும் சிலோன்தான், எழுத்துகள் சி, இ. அதைவிட நம்பகமானது உலக வளிமண்டலவியல் அமைப்பின் ஐந்து இலக்க நிலைய எண். கொழும்பு 43466, இரத்மலானை 43467, கட்டுநாயக்க 43450, யாழ்ப்பாணம் 43404, மட்டக்களப்பு 43436, திருகோணமலை 43418, நுவரெலியா 43473. நாளிதழ்களில் “கொழும்பு விமானநிலையம்” என்று வருவது எது என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் உறுதியாகச் சொல்லலாம். கட்டுநாயக்கவும் விமானநிலையம், இரத்மலானையும் விமானநிலையம், இரண்டும் கொழும்பு நகரமல்ல.

தரவிறக்குமுன் நிலையப் பட்டியலோடு வரும் இருப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு மூலகமும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை அது சொல்லும். இடையில் ஓட்டை இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. முதல் பதிவும் கடைசிப் பதிவும் எப்போது என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

செயற்றிட்டத்தில் பருவம் பிரிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். மார்ச்–ஏப்ரல் முதலாம் இடைப்பருவம், மே–செப்ரெம்பர் தென்மேல் பருவக்காற்று, ஒக்ரோபர்–நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசெம்பர்–பெப்ரவரி வடகீழ்ப் பருவக்காற்று. கடைசிப் பருவம் புதுவருடத்தைத் தாண்டுகிறது. 2019 டிசெம்பரை 2020 ஜனவரி, பெப்ரவரியோடு சேர்க்க வேண்டும். எக்செலில் ஆண்டு என்ற நிரலை வைத்துக் கூட்டினால் 2019இன் தொடக்கமும் 2019இன் முடிவும் ஒரே பருவமாகிவிடும். அட்டவணையில் “பருவ ஆண்டு” என்று தனி நிரல் போட்டு, டிசெம்பருக்கு மட்டும் ஒன்றைக் கூட்டிவிடுங்கள்.

கேள்வி: மாணவர்கள் தரவிறக்கிய கோப்பில் கொழும்பில் ஒரே நாளில் 2,539.7 மில்லிமீற்றர் மழை என்று வருகிறது. ஒரு நாள் அல்ல, பல நாட்கள். கோப்பு பழுதா?
– ஆசிரியர், கொட்டாஞ்சேனை

கோப்பு பழுதல்ல. அவர்கள் இறக்கியது நோவாவின் இன்னொரு தொகுதி, நாளாந்த உலகச் சுருக்கம். அதில் மழை அங்குலத்தில், வெப்பநிலை பரனைற்றில் இருக்கும். மழைத் தரவு இல்லாத நாளுக்கு 99.99 என்று எழுதிவைப்பார்கள். மாணவர் முழு நிரலையும் 25.4ஆல் பெருக்கியிருக்கிறார். 99.99 பெருக்கல் 25.4, சமன் 2,539.7. ஏறத்தாழ கொழும்பின் ஓர் ஆண்டு மழை ஒரே நாளில் கொட்டிய மாதிரி! எண் இவ்வளவு பெரிதாக இருந்ததால் கண்ணில் பட்டது. அதுவும் நல்லதே.

கண்ணில் படாமல் போவதுதான் ஆபத்து. ஜி.எச்.சி.என். தொகுதியின் மூலக் கோப்பில் மழை மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கில் இருக்கும். 314 என்றால் 31.4 மில்லிமீற்றர், வெப்பநிலையானால் 31.4 பாகை. இல்லாத நாள் -9999. பெப்ரவரிக்கும் 31 நாட்களுக்கான இடம் விட்டிருப்பதால் 30ஆம், 31ஆம் இடங்களிலும் -9999 நிற்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் பெப்ரவரி அண்டார்டிக்காவாகிவிடும். பிறகு யாராவது “விபரீத எண்களை நீக்கினோம்” என்று கையால் அழிப்பார்கள். அழிக்கும்போது உண்மையான பெருமழை நாளும் சேர்ந்து போகும். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் இல்லாத நாளின் குறியை வெறுமையாக்குங்கள், அடுத்துத் தரப் பரிசோதனைக் கொடி (சந்தேகத்துக்குரிய எண் என்பதைக் காட்டும் குறி) உள்ள எண்களைத் தனியே ஒதுக்குங்கள், அதன் பிறகே அலகு மாற்றுங்கள். வரிசை மாறினால் -9999 என்பது -999.9 ஆகி, வடிகட்டிக்குத் தப்பிவிடும்.

ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் சேவை தரும் ஈ.ஆர்.ஏ.5 தொகுதியில் அலகு வேறு. வெப்பநிலை கெல்வினில் வரும், 273.15 கழிக்க வேண்டும். மழை மீற்றரில் வரும். 0.012 என்பதைப் பார்த்து “மழையே இல்லை” என்று எழுதிவிடாதீர்கள், அது 12 மில்லிமீற்றர். அந்தத் தளத்தில் பயனர் கணக்குத் திறப்பது இலவசம். ஆனால் தரவின் உரிம நிபந்தனையை ஒருமுறை ஏற்றுக்கொள்ளாவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படும். பிழைச் செய்தியைப் படிக்காமல் கணினியைக் குறைசொல்பவர்கள் அதிகம்.

திகதியையும் பாருங்கள். எக்செல் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 04/06/1992 என்பது ஏப்ரல் 6 ஆகிவிடும். கொழும்பில் 24 மணித்தியாலத்தில் 493.7 மில்லிமீற்றர் கொட்டியது 1992 ஜூன் 4இல். எந்தக் கொழும்புக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக அந்த நாளைத் தேடிப் பாருங்கள். அந்த மழை ஏப்ரலில் நின்றால் திகதி புரண்டிருக்கிறது. இடமே வெறுமையாக இருந்தால் அந்தக் கோப்பில் உச்ச மழை பற்றிய எந்த முடிவும் எடுக்கக்கூடாது. 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்செலுக்கு 1900க்கு முன் திகதியே கிடையாது. ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நிரலாக வையுங்கள்.

கேள்வி: வானிலை அறிக்கையில் எங்கள் பகுதிக்கு 110 மில்லிமீற்றர் என்றார்கள். செயற்கைக்கோள் தரவில் அதே நாளுக்கு 40தான் இருக்கிறது. எது பொய்?
– வாசகர், கொம்பனித்தெரு

இரண்டும் மெய். ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள்.

மழைமானி ஒரு சாண் வாயுள்ள பாத்திரம். அது தன் தலைமேல் விழுந்ததை அளக்கிறது. செயற்கைக்கோள் தொகுதிகள் ஒரு கட்டத்தின் சராசரியைத் தருகின்றன. சேர்ப்ஸ் எனப்படும் தொகுதியில் ஒரு கட்டம் 0.05 பாகை, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீற்றர். நாசாவின் ஐமேர்ஜில் 0.1 பாகை, பதினொரு கிலோமீற்றர். செயற்கைக்கோள் தொகுதியல்லாத, கணினி மாதிரி வழியாகக் கணித்த ஈ.ஆர்.ஏ.5இல் 0.25 பாகை, இருபத்தெட்டுக் கிலோமீற்றர் அளவு. அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குள் கொழும்பு நகரம் முழுவதும் அடங்கி, கடலும் கொஞ்சம் சேர்ந்துவிடும். இடைப்பருவத்தில் பின்னேரம் பெய்யும் இடிமழை பொரளையை நனைத்துவிட்டுக் கொள்ளுப்பிட்டியைத் தொடாமல் போவதுண்டு. அதைச் சராசரியாக்கினால் உச்சம் மழுங்கத்தான் செய்யும். 493.7 போன்ற எண்ணை எந்தக் கட்டத் தரவிலும் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது காரணம் நாளின் எல்லை. நம் நாட்டில் மழைமானியைக் காலை 8.30க்குப் படிக்கிறார்கள். “இன்றைய மழை” என்று அறிக்கையில் வருவது நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை விழுந்தது. செயற்கைக்கோள் நாளோ உலகப் பொது நேரத்தில் நள்ளிரவுக்குத் தொடங்குகிறது, நமக்கு அது காலை 5.30. ஆகவே 14ஆம் திகதி இரவு பெய்த மழை மழைமானிக் கணக்கில் 15இல் நிற்கும், செயற்கைக்கோள் கணக்கில் 14இல் நிற்கும். ஒப்பிடுமுன் ஒரு தொகுதியை ஒரு நாள் நகர்த்திப் பாருங்கள். சட்டென்று பொருந்தினால் பிரச்சினை அதுதான். ஐமேர்ஜ் அரைமணிக்கு ஒருமுறை தரவு தருவதால், உலக நேரம் 03.00 முதல் மறுநாள் 03.00 வரை கூட்டினால் நமது 8.30 நாளே கிடைத்துவிடும்.

ஐமேர்ஜை மூன்று பதிப்பாக வெளியிடுகிறார்கள். சில மணித்தியாலத்தில் வருவது முந்திய பதிப்பு, அதன் பின் பிந்திய பதிப்பு, மழைமானிகளோடு சரிபார்த்துச் சில மாதங்கள் கழித்து வருவது இறுதிப் பதிப்பு. செய்திக்கு முதலாவது உதவும். ஆய்வுக் கட்டுரையில் முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே வரைபடத்தில் ஒட்டவைப்பது பிழை.

கேள்வி: களனி கங்கையின் நீர்மட்டத்தைத் தினமும் பார்த்து வருகிறோம். ஹங்வெல்லவில் 8 என்றும் நாகலகம் வீதியில் 5 என்றும் இருந்தால் எங்களுக்கு ஆபத்துக் குறைவா?
– வாசகர், மட்டக்குளி

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அட்டவணையில் அலகு என்ற சிறிய நிரலைப் பாருங்கள். ஹங்வெல்ல மீற்றரில், நாகலகம் வீதி அடியில். நாகலகம் வீதிக்கு 4 அடி எச்சரிக்கை மட்டம், 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஹங்வெல்லவுக்கு அவை 7, 8, 10 மீற்றர். ஆக நீங்கள் சொன்ன இரு எண்களும் தத்தம் இடத்தில் சிறு வெள்ள மட்டத்தை எட்டியவை. இரண்டு அளவுகோல்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் எச்சரிக்கை மட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். உங்களுக்கு மேலே கித்துல்கல, கிளென்கோஸ், ஹங்வெல்ல என்ற வரிசையில் நீர் வருகிறது. மேல் அளவுகோல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் உங்கள் கையிலுள்ள நேரத்தைச் சொல்லும்.

இந்த அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், பழையது பின்னால் தள்ளப்பட்டுவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்த நாட்களைப் போன்ற வேளைகளில் ஒவ்வோர் அறிக்கையையும் திகதி, நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே இட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த வெள்ளத்தின்போது உங்கள் ஒழுங்கைக்கு எத்தனை அடியில் தண்ணீர் ஏறியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆபத்து வேளையில் தரவைப் பார்த்துக்கொண்டிராமல் 117க்கு அழையுங்கள்.

கேள்வி: அனர்த்தத் தரவுத்தளத்திலிருந்து கொழும்பு மாவட்ட வெள்ளங்களை வரைபடமாக்கினோம். 1970களில் உயர்ந்து, பிறகு விழுந்து, 2005க்குப் பின் செங்குத்தாக ஏறுகிறது. காலநிலை மாற்றம் என்று எழுதலாமா?
– தொண்டு நிறுவனப் பணியாளர், நாரஹேன்பிட்டி

அவசரப்படாதீர்கள். அந்த வரைபடத்தின் இரண்டு வளைவுகளுக்கும் வானத்தோடு தொடர்பில்லாத காரணங்கள் இருக்கலாம்.

நீங்கள் பயன்படுத்தியது, அனர்த்த இழப்புகளைப் பதிவதற்குப் பல நாடுகள் கையாளும் டெஸ்இன்வெண்டார் முறையில் 1974 முதல் தொகுத்த பதிவு என்று தெரிகிறது. 1978 வரை கம்பஹா தனி மாவட்டமல்ல, கொழும்பு மாவட்டத்தின் பகுதி. களனி, அத்தனகலு ஓயாக் கரைகளில் நடந்தவையும் கொழும்பு என்ற பெயரில் நிற்கக்கூடும். மாவட்டம் பிரிந்ததும் எண் விழுகிறது. வடக்கிலும் இதே சிக்கல்தான். முல்லைத்தீவு 1978இல், கிளிநொச்சி 1984இல் உருவானவை. அதற்கு முன் அந்தப் பெயரில் பூச்சியம் இருந்தால், வெள்ளம் வரவில்லை என்று பொருளல்ல. பழைய எல்லையில் பார்க்க வேண்டுமானால் கொழும்பையும் கம்பஹாவையும் கூட்டி ஒரே தொடராக்குங்கள். இன்றைய எல்லையில் பார்க்க வேண்டுமானால் பழைய பதிவுகளைப் பிரதேச செயலகப் பிரிவு வரை இறங்கிப் பிரித்தெடுங்கள். முதலாவது எளிது, பிழையும் குறைவு.

2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. அதன் பின் சிறிய சம்பவங்களும் பதிவாகின்றன. முன்பு பத்திரிகையில் வராத ஓர் ஒழுங்கை வெள்ளம் இன்று ஒரு வரியாக உள்ளே வந்துவிடுகிறது. பதிவு கூடினால் சம்பவமும் கூடியதுபோலத் தோன்றும். இதைச் சோதிக்க வழி உண்டு. உயிரிழப்பு ஏற்பட்ட, அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீடுகள் முற்றாகச் சேதமான சம்பவங்களை மட்டும் எடுத்து வரையுங்கள். பெரிய சம்பவம் எந்தக் காலத்திலும் பதிவிலிருந்து எளிதில் தப்பாது. அந்தக் கோடும் ஏறினால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. அத்தோடு வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழையில் கன மழை நாட்களின் எண்ணிக்கையையும் அருகே வைக்க வேண்டும். மழை கூடாமல் வெள்ளம் கூடியிருந்தால், நிரப்பிய சதுப்பு நிலத்தையும் அடைபட்ட கால்வாயையும்தான் நீங்கள் எழுத வேண்டும். கொழும்பில் அதை எழுதாமல் விடுவது பெரிய அநியாயம்.

இன்னும் இரண்டு. வெள்ள நாட்களில் வரும் நிலைமை அறிக்கைகளின் எண்கள் திரண்டுவருபவை. திங்கள் 400 குடும்பம், செவ்வாய் 900 குடும்பம் என்றால் மொத்தம் 900, 1,300 அல்ல. அறிக்கைகளைக் கூட்டிய கட்டுரைகள் அச்சேறியிருக்கின்றன. அடுத்தது, “பாதிக்கப்பட்டோர்” என்ற நிரல். அது கிராம உத்தியோகத்தர் வழியாக மேலே வரும் கணக்கு, நிவாரணத்தோடு பிணைந்தது. வறட்சியில் ஒரு பிரதேசமே அதற்குள் வந்துவிடும், மண்சரிவில் சில குடும்பங்களே வரும். இந்த நிரலை வைத்து வறட்சிதான் மண்சரிவைவிடக் கொடியது என்று தரப்படுத்தக்கூடாது. அட்டவணைகளை இணைக்கும்போது மாவட்டப் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணை நம்புங்கள். மொனராகலைக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. பெயரால் இணைத்தால் அந்த மாவட்டம் ஓசையில்லாமல் காணாமற் போகும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தின் மழைத் தொடரில் போர்க்காலத்தில் நீண்ட ஓட்டைகள். சராசரியால் நிரப்பலாமா?
– பல்கலைக்கழக மாணவர், தெஹிவளை

போக்கு கணிக்கப் போகிறீர்கள் என்றால் நிரப்பாதீர்கள். சராசரியை ஓட்டைக்குள் வைத்தால் ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு காலத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பூச்சியத்தை வைத்தால் இல்லாத வறட்சியை உண்டாக்குகிறீர்கள். வடக்கு, கிழக்கு நிலையங்கள் பலவற்றில் அந்த இடைவெளி உண்டு. அந்தக் காலத்தின் வரலாறும் அதில்தான் இருக்கிறது. இடைவெளியை இடைவெளியாகவே வரைபடத்தில் காட்டுங்கள், கோட்டை இணைக்காமல் விடுங்கள்.

எவ்வளவு ஓட்டை இருந்தால் ஒரு மாதத்தைக் கைவிடுவது? உலக வளிமண்டலவியல் அமைப்பின் வழிகாட்டல் தெளிவானது. வெப்பநிலை போன்ற சராசரிகளுக்கு, மாதத்தில் 11 நாட்களோ அதற்கு மேலோ இல்லாவிட்டால், அல்லது தொடர்ந்து 5 நாட்களோ அதற்கு மேலோ இல்லாவிட்டால், அந்த மாதம் கணக்கில் இல்லை. மழை கூட்டுத்தொகை. ஒரு நாள் விடுபட்டாலும் மாதக் கூட்டுத்தொகை முழுமையல்ல, அந்த ஒரு நாளிலேயே மாத மழையில் பாதி விழுந்திருக்கலாம். வடகீழ்ப் பருவத்து யாழ்ப்பாணத்துக்கு இது மிகையான எச்சரிக்கையல்ல.

நீர்ச்சமநிலைக் கணக்குப் போன்ற தேவைக்கு நிரப்பியே ஆகவேண்டும் என்றால், அயல் நிலையத்தின் அந்த மாத மழையை, இரண்டு நிலையங்களின் நீண்டகால மாதச் சராசரிகளின் விகிதத்தால் பெருக்குங்கள். வவுனியாவோ மன்னாரோ அயலாக எடுக்குமுன் அதே காலத்தில் அவற்றிலும் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பிய ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். குறி போடாத எண்ணை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே அடையாளம் காண முடியாது.

ஒப்பீட்டுக்கு அடிப்படைக் காலம் 1991–2020 என்பது இப்போதைய வழக்கு. நீண்டகால மாற்றத்துக்கு 1961–1990ஐ எடுப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு இரண்டாவதுதான் ஓட்டை குறைந்தது.

கேள்வி: கைபேசி 33 பாகை என்கிறது. நகர வெப்ப வரைபடம் ஒன்றில் எங்கள் தெரு 41 பாகை. எதை நம்புவது?
– வாசகி, தெமட்டகொடை

கைபேசி சொல்வது காற்றின் வெப்பநிலை. வரைபடம் காட்டுவது தகரக் கூரையும் தார் வீதியும் எவ்வளவு சுடுகின்றன என்பது. லாண்ட்சற் செயற்கைக்கோளின் தரைமேற்பரப்பு வெப்பநிலைத் தொகுதியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு எண். அதை 0.00341802ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின், 273.15 கழித்தால் பாகை செல்சியஸ். 48,500 என்ற எண் இப்படி 41.6 பாகையாகும். கொழும்புக்கு உரிய படம் தடம் 141, வரிசை 55. லாண்ட்சற் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில் கடக்கின்றன. இரவு வெக்கையைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லாது. மேகம் மூடிய புள்ளியை நீக்காவிட்டால் உங்கள் தெரு திடீரென்று குளிர்ந்துபோனதாகக் காட்டும். எந்தத் தெரு பக்கத்துத் தெருவைவிடச் சூடு என்று அறிய இது அருமையான தரவு. உடல்நல எச்சரிக்கைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பச் சுட்டெண்ணைப் பாருங்கள், அதில் ஈரப்பதனும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: கொழும்பின் கடல்மட்டப் பதிவு எங்கே?
– வாசகர், முகத்துவாரம்

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கடல்மட்ட மையத்தில் கொழும்பு மானியின் மணித்தியாலப் பதிவு இருக்கிறது, இலவசம். மாதச் சராசரிக்கு லிவர்பூலிலுள்ள உலகக் கடல்மட்டப் பதிவகத்தைப் பாருங்கள். அங்கே எண்கள் 7,000 மில்லிமீற்றரை ஒட்டி நிற்கும். கடல் ஏழு மீற்றர் ஏறிவிடவில்லை, எதிர்மறை எண் வராதிருக்க அடிமட்டத்தை அவ்வளவு கீழே வைத்திருக்கிறார்கள். -99999 என்றால் பதிவு இல்லை. பத்து ஆண்டுப் பதிவில் போக்குக் கணிக்காதீர்கள். சந்திரனின் 18.6 ஆண்டுச் சுழற்சி ஒன்றே அதைக் குழப்பப் போதும்.

கேள்வி: அமெரிக்க அரசு காலநிலைத் தரவுகளை நீக்குகிறதாமே. நாம் நம்பியிருக்கும் தொகுதிகள் போய்விட்டால் என்ன செய்வது?
– நூலகர், கொழும்பு 7

கவலை நியாயமானது. 1980 முதல் பேணிவந்த நூறு கோடி டொலர் அனர்த்தப் பட்டியலை இனிப் புதுப்பிப்பதில்லை என்று 2025 மே மாதம் நோவா அறிவித்தது. பின்னர் கிளைமேட் சென்ட்ரல் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் அதை எடுத்து நடத்துகிறது. அதே ஆண்டு ஜூன் முடிவில் அமெரிக்காவின் தேசியக் காலநிலை மதிப்பீட்டு அறிக்கைகள் இருந்த தளம் மூடப்பட்டது. ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் ஆய்வுகூடம் அமெரிக்க அரசின் தரவு வாசலிலிருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொகுதிகளைப் படியெடுத்து 2025 பெப்ரவரியில் வெளியிட்டது. படியெடுத்தவர்கள் நூலகர்கள். ஆகவே கேள்வி சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

நமக்கு ஒரு தெம்பு உண்டு. நோவாவின் கோப்பிலுள்ள இலங்கை எண்கள் இங்கிருந்து போனவை. மூலம் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. செயற்கைக்கோள் தொகுதிகளுக்குத்தான் நாம் முழுவதும் வெளிநாட்டை நம்பியிருக்கிறோம்.

ஒரு நூலகம் செய்யக்கூடியது இது. இலங்கைக்கு உரிய பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள், உலகம் முழுவதையும் இறக்க இடம் போதாது. அகலக்கோடு 5.5 முதல் 10.2 வரை, நெடுங்கோடு 79 முதல் 82.2 வரை எடுத்தால் தீவு முழுதும் அடங்கும். தரவோடு அதன் விளக்கக் கோப்பையும் இறக்குங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். 99.99 என்றால் என்ன என்பது அதில்தான் எழுதியிருக்கிறது. அது இல்லாத தரவு பத்து ஆண்டில் வெறும் எண்குவியல். எங்கிருந்து, எந்தத் திகதியில், எந்தப் பதிப்பை எடுத்தீர்கள் என்று சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதே உறையில் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாளக் குறி) எடுங்கள். விண்டோஸில் செர்ட்யுட்டில் கட்டளையே அதைச் செய்யும், மேலதிக மென்பொருள் தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை கைரேகையை மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், வன்தட்டில் கோப்பு பழுதாகியிருந்தால் தெரிந்துவிடும். இரண்டு படிகளை இரண்டு கட்டடங்களில் வையுங்கள், கொழும்பில் ஒரு படி கட்டாயம் மேல் மாடியில். பகிரங்கமாக வைக்க செனோடோ தளம் இலவசம், ஒரு பதிவுக்கு 50 கிகாபைட் வரை ஏற்கும், நிரந்தர அடையாள எண்ணும் தரும். திணைக்களத்திடம் கட்டணம் கட்டி வாங்கிய தரவை ஏற்றுமுன் நிபந்தனையைப் படியுங்கள்.

கேள்வி: நிலையம் எப்போது இடம் மாறியது, கருவி எப்போது மாறியது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. கேட்டால் சொல்வார்களா?
– ஆய்வு மாணவி, பம்பலப்பிட்டி

சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு மிகப் பொருத்தமானது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு தெரிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேட்கும் விதம்தான் முக்கியம். “வெப்பம் ஏன் கூடியது?” என்று கேட்டால் அது தகவல் கோரிக்கையாகாது, இருக்கும் பதிவைத்தான் தருவார்கள், புதிதாக ஆராய்ந்து தரமாட்டார்கள். இப்படி எழுதுங்கள்: “43466 நிலையத்தின் நிலையப் பதிவேட்டில் 1961 முதல் இன்று வரை இட மாற்றம், கருவி மாற்றம், தானியங்கிக் கருவி பொருத்திய திகதி, அவதானிப்பு நேர மாற்றம் ஆகியன பற்றிய பக்கங்களின் பிரதி.” பாதரச வெப்பமானியிலிருந்து தானியங்கிக் கருவிக்கு மாறிய திகதி கையில் இருந்தால், உங்கள் தொடரில் அந்த ஆண்டில் தெரியும் படியேற்றம் காலநிலையா கருவியா என்று சோதிக்கலாம். அயல் நிலையத்தோடு கழித்துப் பாருங்கள். வித்தியாசம் அந்தத் திகதியில் மட்டும் சட்டென்று தாவினால் அது கருவி.